பெட்டியின் உள்துணி

"பிளேன்ல எம்மா நேரம் குந்திக்கினு இருப்ப?" ரெஜினம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நாலு மணி நேரத்துக்கு மேலே ஆகுமாம் என்றாள் ஃப்ளோரன்ஸ். கல்யாணமாகி ஐந்தே மாதமான பெண். கணவன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வரைபடம் போடுகிறவன். கல்யாணத்துக்கு வந்து போனவன் இப்போது அவளுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான். அம்மா போட்ட நகைகளை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்கத்தான் ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்தில் இருந்த ரெஜினம்மாளின் வீட்டுக்கு வந்திருந்தாள். அது 1973, ஜனவரி.

"தூங்குவியா?"

"யாருக்கா தூங்குவாங்க. உசுர கையில புடிச்சிக்கினு போறேன் நானு."

"கக்கூஸுக்கு எழுந்து போவியா?"

ஃப்ளோரன்ஸ் எல்சியைப் பார்த்தாள். எல்சி கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்து, சுங்க இலாகாவில் காட்டுவதற்கான நகைப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அதே வளவில் அடுத்த குடித்தனத்துப் பெண் அவள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். வெளியூர் போகிறவர்களுக்கு ரெஜினம்மாள் பை தைப்பாள், எல்சி விண்ணப்பப் பாரம் எழுதுவாள் என்பது அந்தச் சந்தில் ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டிருந்தது.

"வெக்கப்பட்டா வேலைக்கு ஆவாது," என்றாள் ரெஜினம்மாள். "பாவாடை நாடாவாண்ட உள்பை வெச்சுத் தைக்கப் போறேன். எப்ப அவுப்ப, எங்க மாட்டுவ, அத்தச் சொன்னாத்தான் எந்தப் பக்கம் வெக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

வாசற்படியில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவன் அப்போது சிரித்தான். ரெஜினம்மாளின் தம்பி ஜார்ஜ். மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை, திருவொற்றியூரில் வீடு. லீவு நாளில் அக்காவின் மீன் குழம்புக்கு வந்துவிடுவான்.

"பாவாடைல வெச்சு அனுப்பு, பாவம், நேரா போலீஸ்காரம்மாகிட்டதான் போய் நிப்பா."

ஏன்டா அப்படிச் சொல்கிறாய் என்று அக்கா கேட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே விமானத்தைக் கடத்திக்கொண்டு போனதிலிருந்து எல்லாரையும் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள் என்று அவன் விளக்கினான். பொம்பளைகளுக்குத் தனியாக ஒரு திரை கட்டியிருக்கிறது. உள்ளே ஒரு போலீஸ்காரம்மா நிற்பாள்.

"என்கிட்ட பேப்பர் இருக்கே," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"பேப்பரு கீதும்மா, நான் இல்லேங்கல. கையில தட்டுப்பட்டா கழட்டிக் காட்டுன்னுவா. பாவாடையக் கழட்டிக்கினு நிப்பியா? பரவால்லேன்னா தைச்சிக்க."

ஃப்ளோரன்ஸ் ரெஜினம்மாளைப் பார்த்தாள். அப்போ என்னதான் செய்யறது என்று ரெஜினம்மாள் தம்பியைக் கேட்டாள்.

"பொட்டில வெச்சிடு. உள்துணிக்குப் பின்னால. பொட்டிய ஏத்துறது யாரு? நாங்கதான். நான் கீறேன்ல."

கையை விட்டுப் போகிற பெட்டியில் எதையும் வைக்கக் கூடாது என்பது பன்னிரண்டு வருஷமாக ரெஜினம்மாள் மாற்றாத வழக்கம். ஊசியைத் தலைமுடியில் இரண்டு தடவை உரசினாள்.

"நீ பாத்துக்குவியா?"

"இன்னாக்கா கேள்வி இது. ஏத்துற வரைக்கும் அந்தப் பொட்டி என் கண்ணாண்ட இருக்கும்."

"சரி, வியாழக்கெழம பொட்டிய எடுத்தாம்மா," என்று ரெஜினம்மாள் ஃப்ளோரன்ஸிடம் சொன்னாள்.

அன்று பேசியது இவ்வளவுதான். எல்சி அதில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் யார் எதை எந்த வரிசையில் சொன்னார்கள் என்று பிறகு பல பேர் அவளிடம் கேட்டார்கள். சொல்லிச் சொல்லியே அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ரெஜினம்மாளின் தகப்பனார் துறைமுகத்தில் சரக்குப் படகுக்காரர். அவளுக்குப் பதினாலு வயதானபோது ஜார்ஜைப் பெற்றுப் போட்டுவிட்டு எட்டாம் நாள் தாயார் இறந்துபோனாள். கோயில் கன்னியர் நடத்திய தையல் வகுப்புக்கு அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்த் தொழில் கற்றவள் அவள். அவன் வளர்ந்து நாலு எட்டு நடக்கிறவரை கல்யாணம் வேண்டாம் என்றிருந்து, பிறகு அருள்பிரகாசத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் சரக்குக் கப்பலில் சமையற்காரன்.

முதல் உள்பையை அவனுக்காகத்தான் தைத்தாள். ரங்கூனில் ஒரு தடவை அவனுடைய கைக்கடிகாரம் தூக்கத்திலேயே களவு போயிற்று. அடுத்த பயணத்துக்கு முன்னால், பனியனின் அக்குளுக்குக் கீழே, கையைத் தூக்கினாலும் தெரியாத இடத்தில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். தைத்து முடித்து, அதே நிற நூலால், அரிசி அளவுக்கு ஒரு சிலுவையும் போட்டாள். அந்தப் பக்கத்து வேதக்காரர்கள் எதற்கும் சிலுவை போடுவார்கள். மாவு பிசைந்தால் அதன் மேல் விரலால் ஒன்று, புதுப் படகின் மூக்கில் சுண்ணாம்பால் ஒன்று, பரீட்சைத் தாளின் தலையில் ஒன்று. அவளுக்கு அதில் யோசனையே கிடையாது. கை தானாகப் போட்டது.

அறுபத்தொன்றில் ஏடனுக்கு அப்பால் அருள்பிரகாசம் காய்ச்சலில் செத்தான். கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவனுடைய தகரப்பெட்டி வந்தது. அதைத் திறந்து பார்த்தால் சவரக் கத்திகூட மிச்சமில்லை. வழியில் எத்தனையோ கைகள் துழாவியிருந்தன. அழுக்குப் பனியனை மட்டும் யாரும் சீண்டவில்லை. அதன் உள்பையில் பிறகு வாங்கிய கடிகாரமும் ஒரு மெல்லிய சங்கிலியும் அப்படியே இருந்தன. துக்கத்துக்கு வந்த கப்பல்காரர்களின் பெண்டாட்டிகள் அந்தப் பனியனைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அடுத்த வாரமே ஒருத்தி தன் புருஷன் பனியனோடு வந்து நின்றாள். ரெஜினம்மாளின் பிழைப்பு அப்படித் தொடங்கியது.

பிறகு கப்பலில் போகிறவர்கள் குறைந்து விமானத்தில் போகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். குவைத்துக்குப் போகும் ஆயாக்கள், பினாங்கில் வாழ்க்கைப்பட்டவர்கள், லண்டன் நர்சுகள். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு நேரம் உட்காருவாய், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாய் என்று கேட்டுக் கேட்டுத் தைத்தாள். தூங்கினால் உடம்புக்கு அடியில் வருகிற பக்கத்தில்தான் பை இருக்க வேண்டும் என்பாள். பொருள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடக் கூடாது என்று தனித்தனியாகப் பஞ்சு சுற்றுவாள். அவள் தைத்து அனுப்பியதில் ஒரு மூக்குத்திகூடத் தொலைந்ததில்லை. தங்கக் கட்டியைக் கடத்துகிற ஒருத்தன் யானைக்கவுனியிலிருந்து ஆள் அனுப்பி, பத்துப் பனியன் தைத்துத் தர முடியுமா என்று கேட்டபோது, "பேப்பரு இருந்தா எடுத்தா, இல்லாங்காட்டி நடையக் கட்டு" என்று வாசலிலேயே திருப்பியனுப்பினாள். அவளிடம் நகையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சந்தில் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு பெருமை எதுவும் அவளுக்கு வாய்க்கவில்லை.

வியாழக்கிழமை ஃப்ளோரன்ஸ் பெட்டியோடு வந்தாள். பழுப்பு நிற ஃபைபர் பெட்டி. உள்ளே சாம்பல் நிறச் சாட்டின் துணி ஒட்டித் தைத்திருந்தது. ஜார்ஜும் அன்று வந்திருந்தான். வேலைக்குப் போகிற வழியில் வந்தேன் என்றான். திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் போக இந்தச் சந்துக்குள் நுழைய வேண்டியதில்லை என்பது எல்சிக்கு அப்போது தோன்றவில்லை.

கல் அட்டிகை, இரட்டை வடச் சங்கிலி, நாலு வளையல், ஜிமிக்கி. எல்லாவற்றுக்கும் பஞ்சு சுற்றி, பழைய வேட்டித் துணியில் தட்டையாகப் பொதிந்து, மூலையில் ஒரு சாண் அளவுக்கு உள்துணியைப் பிரித்து உள்ளே வைத்தாள் ரெஜினம்மாள். பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டுத் திரும்பவும் மூடினாள். ஜார்ஜ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் குனிந்து பார்த்து, "எங்க வெச்சேன்னே தெரியலியேக்கா" என்றான்.

அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. அவன் விரலைப் பிடித்து அந்தச் சின்னச் சிலுவையின் மேல் வைத்தாள். "இங்க தடவிப் பாரு. இது இருந்தா பொருள் பத்திரமா கீதுன்னு அர்த்தம்." ஃப்ளோரன்ஸையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். அங்கே போய் இறங்கியதும் இதைத் தொட்டுப் பார், சிலுவை கையில் பட்டால் கவலைப்படாதே என்றாள்.

இரண்டு வாரம் கழிந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃப்ளோரன்ஸின் தாயார் வந்தாள். கையில் சிங்கப்பூர் உறை. மாப்பிள்ளை இங்கிலீஷில் அடித்து அனுப்பியிருக்கிறார், படித்துச் சொல்லு என்று எல்சியிடம் நீட்டினாள். கடிதம் நல்ல சேதிதான் சொல்லும் என்ற நினைப்பில், ரெஜினம்மாளும் கேட்கட்டும் என்று அவள் வீட்டிலேயே உட்கார்ந்தார்கள். உறையைப் பிரித்தபோது ஒரு துண்டுச் சாட்டின் துணியும், இரும்பு வாஷர் ஒன்றும் மடியில் விழுந்தன.

எல்சி முதல் பத்தியை மனதுக்குள் படித்துவிட்டு நிறுத்தினாள். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் தணித்துச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். தாயார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறத இருக்கற மாரியே படிம்மா."

எல்சி படித்தாள். ஃப்ளோரன்ஸ் சிங்கப்பூரில் இறங்கியதும் பெட்டியைத் திறந்து துணியைத் தடவிப் பார்த்தாள். கனமாக, தட்டையாகக் கைக்குப் பட்டது. அடையாளமும் இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு துணியை அறுத்துப் பார்த்தால் நகை இல்லை. சணல் கயிற்றில் கோத்த பதினேழு இரும்பு வாஷர்கள், பஞ்சு சுற்றி, அதே வேட்டித் துணியில் இருந்தன. தையல் எங்கும் பிரிந்திருக்கவில்லை. அடையாளம் கலையவில்லை. இது வழியில் நடந்திருக்க முடியாது, புறப்படுவதற்கு முன்பே நடந்திருக்கிறது என்பதைத் தாங்களே புரிந்துகொள்வீர்கள் என்று மாப்பிள்ளை முடித்திருந்தார்.

எல்சி கடிதத்தை மடித்தாள். பிறகு தாயார், குரலை உயர்த்தாமல், "ரெஜினா, எம் பொண்ணு நகை எங்க?" என்று கேட்டாள்.

ரெஜினம்மாள் சாட்டின் துண்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். கட்டைவிரலால் சிலுவையைத் தடவினாள். துணியைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். இதை ஒரே ஒரு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று கேட்டாள். தாயார் வாஷரையும் சேர்த்து அங்கேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள். போகிற போக்கில் குழாயடியில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் எல்சி எட்டிப் பார்த்தபோது ரெஜினம்மாள் ஒரு வெள்ளைத் துணியில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விரற்கடைத் தையல், முடிவில் ஒரு சிலுவை. அதைச் சாட்டின் துண்டின் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுத்தையும் பாரு," என்றாள்.

எல்சிக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரெஜினம்மாள் ஊசி முனையால் காட்டினாள். அவளுடைய சிலுவையில் நெட்டு நூல் அடியில், குறுக்கு நூல் மேலே. மற்றதில் குறுக்கு அடியில் போய் நெட்டு மேலே வந்திருந்தது. அவளுடைய தையலின் சாய்வு வலப் பக்கம். மற்றதில் ஒவ்வொரு நூலும் இடப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இது எட்து கையால போட்டது," என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து, "எனுக்குத் தெரிஞ்சி எட்து கையால ஊசி புடிக்கிறவன் ஒருத்தன்தான்" என்றாள்.

ஆறு வயதில் அவள் காலடியில் உட்கார்ந்து அவன் பொத்தான் தைக்கக் கற்றான். சோற்றுக் கைக்கு மாற்று, இடக்கையைக் கட்டிப் போடு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆண்டவர் கொடுத்த கை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள்தான் விட்டுவிட்டாள். தன்னைப் போலவே அவன் தைப்பதைப் பார்த்து, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஜார்ஜ் வந்தான். கையில் வஞ்சிரம் மீன் பொட்டலம். எல்சியை இங்கேயே இரு என்று ரெஜினம்மாள் சொல்லியிருந்தாள். சாட்சிக்கா, துணைக்கா என்று எல்சி கேட்கவில்லை. ரெஜினம்மாள் அவன் கொண்டு வந்த மீனைக் கழுவிக் குழம்பு வைத்தாள். அவனுக்குச் சோறு போட்டாள். இரண்டாம் தடவை கேட்டபோதும் போட்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டு துணிகளையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல எது என்னுது, எது உன்னுது?"

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்க்கவில்லை.

"இன்னாக்கா, துணியப் பாத்து ஜோசியம் சொல்ல ஆரமிச்சிட்டியா?"

"பாத்து சொல்லு நைனா."

நைனா என்று அவனை அவள் கூப்பிட்டு எல்சி கேட்டதில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூப்பிட்டிருப்பாளாக இருக்கும். அவன் சிரிப்பை நிறுத்தினான். எல்சியை ஒரு பார்வை பார்த்தான். வெளியே போ என்று சொல்வான் என்று அவள் நினைத்தாள்; சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தே பேசினான். அவர்கள் ஒன்றும் சோற்றுக்கு இல்லாமல் இல்லை, சிங்கப்பூருக்குப் போகிறவள் இன்னும் நாலு செய்துகொள்வாள் என்றான். நகை இப்போது யார் கையிலும் இல்லை, யானைக்கவுனிப் பக்கம் ஒருத்தன் உருக்கிவிட்டான் என்றான். தான் ஒருவனே செய்யவில்லை, கூட இரண்டு பேர் உண்டு, அவர்கள் பேரைச் சொன்னால் தன் முதுகெலும்பு மிஞ்சாது என்றான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஏதோ பஸ் தவறிப்போனதைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

ரெஜினம்மாள் நகையைப் பற்றி அதற்கு மேல் கேட்கவில்லை.

"இத்த நான் பண்ணேன்னு சொல்வாங்கன்னு உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. உன் பேரு அப்படி."

அதைச் சொல்லிவிட்டுப் போனான். சமாதானமாகத்தான் சொன்னான். தான் அக்காவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகவே அவன் நினைத்திருக்கலாம்.

ரெஜினம்மாள் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். துடைத்து வைத்தாள். பிறகு அந்த ஒற்றை வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணுல பட்டுது, ஆசைல எடுத்துட்டான்னா கூட மனசு ஆறிடும்," என்றாள். "இவன் வூட்ல குந்தி ஒவ்வொண்ணா கோத்திருக்கான். பஞ்சு சுத்தறதுக்குப் பஞ்சு எடுத்துக்கினு போயிருக்கான். அதே கலர் நூலு. எல்லாம் ரெடி பண்ணிக்கினு வந்துதான் இங்க எங்கையால சோறு துன்னான். பாவாடைல வெக்காதேன்னு சொன்னப்பவே கோத்து முடிச்சிட்டானோ இன்னாவோ."

அவள் அழவில்லை. வாஷரை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிப் பார்த்தாள். நழுவி விழுந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஃப்ளோரன்ஸின் வீட்டுக்குப் போய், எடுத்தது என் தம்பி என்று சொன்னாள். இரண்டு துணிகளையும் கொண்டுபோய்க் காட்டினாள். எல்சியும் கூடப் போயிருந்தாள். ரெஜினம்மாளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, உண்மையைச் சொன்னால் பாதிச் சுமையாவது இறங்கும் என்று. ஃப்ளோரன்ஸின் தாயார் துணிகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா தைத்தாள், தம்பி ஏற்றினான், இதில் யார் எடுத்தால் என்ன என்று கேட்டாள். இத்தனை வருஷமாகப் பாவாடையில் தைத்தவள் எங்கள் பெண்ணுக்கு மட்டும் ஏன் பெட்டியில் தைத்தாய் என்று தகப்பனார் கேட்டார். அதற்கு ரெஜினம்மாளிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மறுபடியும் தம்பியின் பேரில்தான் போய் முடியும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போலீசுக்கும் போனார்கள். ரெஜினம்மாள் அங்கே வந்தும் அதையே சொன்னாள். அதிகாரி இரண்டு துணிகளையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, நூல் சாய்ந்திருக்கிறது என்று கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள் அம்மா, உங்களிடம் ஒப்புக்கொண்டதை அவன் அங்கே இல்லையென்பான் என்றார். நகை உருகிவிட்டது. ஜார்ஜ் அதற்குள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான்.

ஃப்ளோரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று ரெஜினம்மாள் கேட்டாள். மாப்பிள்ளைக்கும் புரியட்டும் என்று எல்சி அதை இரண்டு பாஷையிலும் எழுதினாள். இங்கிலீஷில் எழுதும்போது எளிதாக வந்த 'என் சகோதரன்' என்ற வார்த்தை, தமிழில் எழுதும்போது ரெஜினம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் கையில் வரவில்லை. நடந்தது முழுக்க எழுதி, சிலுவை போட்டதும் அதை அவனுக்குத் தொட்டுக் காட்டியதும் என் தப்புதான் என்றும் எழுதச் சொன்னாள். "எடம் தெரியாம அவன் தேடிக்கினு இருந்திருந்தா அதுக்குள்ள பிளேன் பூட்டிருக்கும். நான்தான் வெரலப் புடிச்சி வெச்சிக் காட்னேன்."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஃப்ளோரன்ஸே தமிழில் எழுதியிருந்தாள். இரண்டே வரி. 'அக்கா, நான் உங்கள் தையலை நம்பித்தான் கொடுத்தேன். உங்கள் தம்பியை எனக்குத் தெரியாது.'

ரெஜினம்மாள் அதை மடித்து மரத் தைலாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். சரியாத்தான் எழுதிக்கீறா என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அவளிடம் உள்பை தைக்க யாரும் வரவில்லை. வெளியே போகிறவர்கள் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள், அல்லது கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் பள்ளிக்கூட யூனிபாரமும், ரவிக்கைக்குக் கொக்கியும் தைத்தாள். சந்தில் ஒருவரும் அவளைக் கண்டபடி பேசிவிடவில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் சாவியை அவளிடம் கொடுப்பார்கள். இப்போது இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். குழாயடியில் நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தைந்தில் ஜார்ஜ் திரும்பி வந்தான். பம்பாயில் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. இளைத்துப் போயிருந்தான். அவன் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். முதல் ஞாயிறு அவன் சந்து முனையில் நின்றுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது ஞாயிறு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை எல்சியே பார்த்தாள். ரெஜினம்மாள் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்சி பார்த்ததை அவளும் பார்த்தாள். போலீஸ் மேஜை வரைக்கும் கூடப் போனவள் எல்சி. தன்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருஷம் எல்சிக்குப் பஹ்ரைனில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. அம்மா தன் கழுத்திலிருந்த சங்கிலியையும், எல்சிக்கென்று சேர்த்து வைத்திருந்த இரண்டு வளையல்களையும் எடுத்துக் கொடுத்தாள். எல்சி அவற்றை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேரே ரெஜினம்மாள் வீட்டுக்குப் போனாள். வேறு யாரிடமாவது போகலாம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. மூன்று வருஷமாக யாரும் கேட்காத வேலையை நாம் கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு. பாவாடையையும் கொண்டு போயிருந்தாள்.

ரெஜினம்மாள் அவள் கையிலிருந்த முடிச்சைப் பார்த்ததுமே எழுந்து கதவைச் சாத்தினாள். கைக்குட்டையை அவிழ்க்கப் போன எல்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்காதம்மா."

ஏன்க்கா என்றாள் எல்சி. நீங்க தைக்காம வேற யாரு தைப்பாங்க என்றாள்.

"ஊசி புடிக்க உனுக்குத் தெரியும்ல. நீயே தைச்சிக்க. கோணலா வந்தா வந்துட்டுப் போட்டும்." கையை விடாமலே பேசினாள். "அவன் ஞாயித்துக்கெழம வருவான். சோறு துன்னுட்டு, எல்சி பஹ்ரைனு போவுதாமேக்கா, நகை எதுனா எட்த்துக்கினு போவுதான்னு கேப்பான். சும்மாத்தான் கேப்பான். அவன் மூஞ்சியப் பாத்துட்டு எனுக்கு மறைக்க வராதும்மா. அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரல."

எல்சி முடிச்சைப் பாவாடையின் மடிப்புக்குள் தள்ளினாள்.

"இன்னா எட்த்துக்கினு போற, எங்க வெக்கப் போற, என்னிக்குப் போற, ஒண்ணும் எங்கிட்ட சொல்லாத," என்றாள் ரெஜினம்மாள். "நானா வந்து கேட்டாலும் சொல்லாத."